துறைத் தலைவருக்கு ஐந்தாண்டுத் திட்டம் தேவைதானா? சுங்கை சிப்புட் நண்பர்களின் விவாதம்

கமுனிங் மகள்:

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் நண்பர்களுக்கு வணக்கம். நம் ஊரிலிருந்து போய் உயர்கல்விக்கூடங்களில் பணியாற்றுகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். என்னை எங்கள் துறைக்குத் தலைவராக அமர்த்தியிருக்கிறார்கள், மூன்றாண்டுப் பொறுப்பு. முதல் வேலையாகத் துறையின் ஐந்தாண்டு வியூகத் திட்டத்தை எழுதித் தரும்படி புலத்தலைவர் (டீன்) அலுவலகம் கேட்டிருக்கிறது.

பழைய திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். தொலைநோக்கு, குறிக்கோள், பலம் பலவீனம் வாய்ப்பு அச்சுறுத்தல் என்று நான்கு கட்டங்கள், அதற்குப் பிறகு நீளமான அட்டவணை. அதன் கடைசி நெடுவரிசைக்குப் 'பொறுப்பாளர்' என்று தலைப்பு. ஆய்வுக் கட்டுரைகள், தொழில்துறைத் தொடர்பு, மாணவர் சேர்க்கை, இணையத்தளம் என்று எந்த வரியைப் பார்த்தாலும் அதே இரண்டு பெயர்கள். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். மற்றவர் வேறு இடத்துக்கு மாறிப் போய்விட்டார்.

அப்படியொரு தாளை நான் எழுத மாட்டேன். ஆனால் திட்டம் கட்டாயம் வேண்டும் என்பதே என் கட்சி. துறைத் தலைவர் எழுதும் திட்டத்தில் ஆட்களும் ஆண்டுகளும் இருக்க வேண்டும். யார் எந்த ஆண்டில் 60 வயதை எட்டுகிறார்? அவர் நடத்தும் பாடத்தை அடுத்து எடுக்கப்போவது யார்? அந்த ஆளை இப்போது முனைவர் பட்டப் படிப்பில் சேர்த்தால் எந்த ஆண்டில் முடிப்பார்? தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பால்மரக் (ரப்பர்) கன்று வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதனால்தான் மறுநடவு என்று வந்தால் காடு முழுவதையும் ஒரே ஆண்டில் சாய்க்க மாட்டார்கள். பகுதி பகுதியாகத்தான் செய்வார்கள். எங்கள் துறையிலோ ஒரே காலத்தில் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே காலத்தில் ஓய்வு பெறப் போகிறார்கள். அடுத்த வரிசைக்கு யாரும் எதையும் யோசித்து வைக்கவில்லை.

எல்பில்காரன்:

முதலில் வாழ்த்துகள், தங்கை. ஆனால் நீங்கள் சொல்வதை ஏற்க என்னால் முடியவில்லை. நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவன்தான்.

துறைத் தலைவர் கையில் என்ன இருக்கிறது? புதுப் பணியிடம் மேலிருந்து வர வேண்டும். பணமும் மேலிருந்துதான் வர வேண்டும். நாட்டுக்கு 2015 முதல் 2025 வரைக்கும் உயர்கல்விப் பெருந்திட்டம் ஒன்று வந்தது. அதில் பத்து மாற்றங்களை வகுத்தார்கள். அதைப் பார்த்துப் பல்கலைக்கழகம் ஒன்று எழுதும், அதைப் பார்த்துப் புலம் ஒன்று எழுதும், கடைசியில் துறை வந்து அதே சொற்களை அடுக்கும். மூன்றாண்டு இருக்கப் போகிறவர் ஐந்தாண்டுக்கு எழுதினால், நான்காம் ஆண்டில் வந்து பதில் சொல்லப் போவது யார்?

தொலைநோக்கு வாசகத்தில் ஒரு சொல்லை வைப்பதா எடுப்பதா என்று ஒரு பருவம் முழுக்கக் கூட்டம் போட்ட துறையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பருவத்தில் மாணவர்களின் இடுபணிகள் திருத்தப்படாமல் மேசையில் குவிந்து கிடந்தன. வகுப்பு நடக்கிறதா, புள்ளிகள் நேரத்துக்கு வருகின்றனவா, இளைய விரிவுரையாளரை வேண்டாத குழுக்களில் போட்டு வதைக்காமல் இருக்கிறோமா என்று பார்க்கிறவரே நல்ல தலைவர்.

தனிநாயகம் அடிகளார் 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தார். 1969 வரை இருந்தார். எந்தப் படிவத்தை நிரப்பிவிட்டு அவர் தமிழாராய்ச்சியை உலக அரங்குக்குக் கொண்டுபோனார்?

கமுனிங் மகள்:

அண்ணா, அடிகளாரைச் சொன்னீர்கள்; அவர் என் பக்கத்துச் சாட்சி. 1952இல் தமிழ்ப் பண்பாட்டுக்கென்றே ஆங்கிலத்தில் ஓர் ஆய்விதழ் தொடங்கினார். 1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழையியல் அறிஞர்கள் கூடியபோது, அங்கேயே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறக்க முன்நின்றார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் மாநாடு நடந்துவிட்டது. மன்றம் அமைந்ததற்கும் மாநாட்டுக்கும் இடையே இரண்டேகால் ஆண்டு. இதழ், மன்றம், மாநாடு மூன்றும் ஒரே திசையில் போகின்றன. தமிழைப் பிற நாட்டு அறிஞர்களும் ஆராயும் துறையாக்க வேண்டும் என்பது அந்தத் திசை. படிவம் நிரப்பினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. எதற்கு முதலிடம் என்று அவர் முடிவு செய்திருந்தார். நான் கேட்கும் திட்டம் அதுதான்.

மூன்றாண்டுதான் இருக்கப் போகிறேன் என்பதால்தான் எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். வாய்ச்சொல்லாக வைத்த ஏற்பாடு தலைவர் மாறிய அன்றே போய்விடும்.

பணியிடமும் பணமும் என் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பாட அட்டவணை என் கையில் இருக்கிறது. ஒரு சிலரே சேரும் விருப்பப் பாடங்களை ஆண்டுதோறும் நடத்தாமல் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்தலாம். அதில் மிச்சமாகும் நேரத்தில் ஒருவர் தம் ஆய்வேட்டை எழுதி முடிக்கலாம். எதைப் புதிதாகச் செய்யப் போகிறோம் என்பதைத்தான் எல்லாத் திட்டங்களும் சொல்கின்றன. எதை நிறுத்தப் போகிறோம் என்று சொல்லும் திட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

லிந்தாங் தோழி:

அக்கா, அண்ணா, இருவருக்கும் வணக்கம். நான் ஒப்பந்த விரிவுரையாளர். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பார்கள். என் இடத்திலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரிகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ஒருவருக்குப் பளு குறைந்தால் அந்தப் பளு மறைந்துவிடாது. என்னைப் போன்றவர்கள் தலையில் வந்து இறங்கும். சென்ற ஆண்டு ஒருவர் முனைவர் பட்டத்துக்காகப் படிப்பு விடுப்பில் போனார். அவருடைய பயிற்சி வகுப்புகள் அத்தனையும் எனக்கு வந்தன. துறையின் திட்டத் தாளில் அவர் பெயருக்கு நேரே 'ஆற்றல் மேம்பாடு' என்று எழுதியிருந்தார்கள். என் பெயர் எங்குமே இல்லை; 'பகுதிநேரப் பணியாளர்' என்ற ஒரு சொல்லுக்குள் நாங்கள் எல்லாரும் அடங்கிவிட்டோம். நானும்தான் முனைவர் பட்டம் படிக்க வேண்டும். என் பெயரை எந்தப் பட்டியலில் எழுதுவார்கள், அக்கா?

அண்ணா சொல்வது போல் திட்டமே வேண்டாம் என்றால் எனக்கு இன்னும் கெடுதல். பருவம் தொடங்குவதற்கு முந்தின வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, "இந்தப் பாடத்தையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். எழுத்தில் ஏதாவது இருந்தால்தானே அதைக் காட்டி நியாயம் கேட்க முடியும்?

எல்பில்காரன்:

லிந்தாங் தங்கை சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். வசதியாக இருக்கிறவர் வேலையை வசதியில்லாதவர் மேல் ஏற்றிவிட்டு, அதற்கு வியூகம் என்று முத்திரை குத்துகிறார்கள். தலைவருக்கு முதுகெலும்பு இருந்தால் மேலே போய், "ஆள் இல்லை, இந்தப் பாடத்தை நடத்த மாட்டோம்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு ஐந்தாண்டுத் திட்டம் எதற்கு?

இன்னொன்று. பாடத்திட்டங்களுக்குத் தகுதிச் சான்று தரும் எம்.கியூ.ஏ. ஏற்கெனவே ஏழு பகுதிகளில் நம்மைக் கேள்வி கேட்கிறது. பாடத்திட்ட அமைப்பு, மதிப்பீடு, மாணவர் தேர்வும் உதவியும், கல்விப் பணியாளர்கள், கல்வி வளங்கள், நிர்வாகம், தொடர்ந்து கண்காணித்துச் சீர்செய்தல் என எல்லாமே அதில் அடங்கிவிட்டன. அந்தத் தன்மதிப்பீட்டு அறிக்கையை உண்மையாக எழுதினாலே துறையின் ஓட்டைகள் அத்தனையும் தெரிந்துவிடும். அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டு, இன்னொரு தாளில் பலவீனங்களை எழுதுவது எந்த வகை நேர்மை?

பழைய கிராணி:

பிள்ளைகளே, நான் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவன் இல்லை. தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஆனாலும் ஒரு பேச்சுப் பேச வேண்டியிருக்கிறது.

இவ்வளவு நேரமும் விரிவுரையாளர்களைப் பற்றியே பேசினீர்கள். இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. அதற்கு முன்னால் அங்கே சமஸ்கிருதம் முதன்மையா தமிழ் முதன்மையா என்று பெரிய வாதம் நடந்ததே, அதைத் தீர்த்து வைத்தவர்கள் யார்? கோ. சாரங்கபாணி தம் தமிழ் முரசு நாளிதழில் எழுதி எழுதி மக்களைத் திரட்டினார். 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) என்று கொடுத்தார்கள். கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள் கொடுத்த வெள்ளி அது. துறை எந்தத் திசையில் போவது என்ற முடிவில் அவர்களுக்கும் பங்கு இருந்தது. நம் ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும் அப்படித்தான். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களை வாங்கினார்கள். திட்டம் போடுவது பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள்.

என் பேத்திக்கு ஓரிடத்தில் இடம் கிடைத்தது. கல்விக் கடன் கைக்கு வருவதற்குள் விடுதிக் கட்டணம், பதிவுக் கட்டணம், புத்தகம் என்று எல்லாவற்றுக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. கடன் வாங்கிக் கட்டினோம். அவளுடன் சேர்ந்த இன்னொரு தோட்டத்துப் பிள்ளை முதல் பருவத்திலேயே படிப்பை விட்டுவிட்டு ஈப்போவில் கடை வேலைக்குப் போய்விட்டாள். அந்தப் பிள்ளை ஏன் நின்றாள் என்று துறையிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் திட்டத்தில் அவளுக்கு ஒரு வரி உண்டா?

எல்பில்காரன்:

ஐயா, கேட்கவே வருத்தமாக இருக்கிறது. ஆனால் கல்விக் கடனும் விடுதியும் துறைத் தலைவர் கையில் இல்லாதவை. கையில் இல்லாததைத் திட்டத்தில் எழுதினால் அது பொய் வாக்குறுதி.

மக்களைக் கேட்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஓர் அச்சம் உண்டு. 1950களில் மக்கள் தமிழுக்காக நின்றார்கள், சரி. இன்றைக்குப் பெற்றோரைக் கூட்டிக் கேட்டுப் பாருங்கள். "வேலை கிடைக்கிற பாடத்தை வையுங்கள், சங்க இலக்கியம் எதற்கு?" என்றுதான் பெரும்பாலோர் கேட்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, குடும்பக் கஷ்டம் அப்படி. ஒரு பாடம் இருக்க வேண்டுமா என்பதைக் கூட்டத்தின் குரலை வைத்து முடிவு செய்யக் கூடாது. அதைக் கற்றவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பழைய கிராணி:

தம்பி, பெற்றோரைக் கேட்காமலே இப்படித்தான் சொல்வார்கள் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்துகொண்டு பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியவர்கள் அவர்கள். இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியத்தையும் எடுக்கச் சொல்லி, அதற்குத் தனி வகுப்பும் தேடிக் கொடுத்தவர்கள். கேட்டுவிட்டு மறுத்தாலும் பரவாயில்லை. கேட்காமல் இருப்பதுதான் வருத்தம்.

கமுனிங் மகள்:

ஐயா, விடுதியும் கடனும் என் கையில் இல்லைதான். ஆனால் வருகைப் பதிவேடு என் மேசைக்கு வருகிறது. முதல் ஆறு வாரங்களில் வகுப்புக்கு வராமல் போகிறவர்களை விரிவுரையாளர்கள் அந்த வாரமே எனக்குச் சொல்ல வேண்டும். நானோ இன்னொருவரோ அவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். இதற்கு மேலிடத்து அனுமதி எதுவும் தேவையில்லை. இதைத் திட்டத்தின் முதல் வரியாகவே வைக்கிறேன்.

லிந்தாங் தங்கையின் கேள்விக்கு வருகிறேன். யாருடைய பளு குறைகிறதோ, அது யாரிடம் போகிறது, எத்தனை மணி நேரம் என்று பெயரோடு எழுதுவேன். ஒப்பந்தத்தில் இருப்பவர்களின் மேற்படிப்பும் அதே பட்டியலில் வரும். பணியிடத்தை நிரந்தரமாக்குவேன் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. சொன்னால் உங்களை ஏமாற்றுவதாகும்.

எல்பில் அண்ணா, தகுதிச் சான்று அறிக்கையைப் பற்றிச் சொன்னது சரி. அந்த அறிக்கையில் ஒன்றும் திட்டத்தில் ஒன்றுமாக எழுதப் போவதில்லை. ஆனால் அறிக்கை இன்றைய நிலையைச் சொல்வதற்கு. நான்கு ஆண்டு கழித்து மூத்தவர்கள் போன பிறகு இலக்கணப் பாடத்தை நடத்துவது யார் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. அந்தக் கேள்வியை விட்டுவிட எனக்கு மனமில்லை.

எல்பில்காரன்:

நான் இன்னும் உடன்படவில்லை, தங்கை. பெயரும் மணிக்கணக்கும் உள்ள தாளை மேலே அனுப்பினால், ஆட்குறைப்புக்கு அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார்கள். "இந்தப் பாடத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறைதானே நடத்துகிறீர்கள்? அப்படியானால் இத்தனை பேர் எதற்கு?" என்பார்கள். இதற்கு உங்களிடம் என்ன பதில் இருக்கிறது?

லிந்தாங் தோழி:

அண்ணா, அந்தப் பயம் எனக்கும் உண்டு. முதலில் போகப் போவது நான்தான். இருந்தாலும் என் மணிக்கணக்கு எழுத்தில் இருக்கட்டும், அக்கா. ஆனால் மேலே அனுப்புவதற்கு முன்னால் துறைக் கூட்டத்தில் ஒப்பந்தக்காரர்களையும் உட்கார வைத்து அந்தத் தாளைப் படித்துக் காட்டுங்கள். இதுவரைக்கும் எங்களை அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டதே இல்லை.

கமுனிங் மகள்:

கூப்பிடுகிறேன். அண்ணா, உங்கள் கேள்விக்கு இப்போது என்னிடம் முழுப் பதில் இல்லை. பாடங்களைக் குறைத்து மிச்சமாகும் மணி நேரம் எந்தெந்த வேலைக்குப் போகிறது என்பதையும் அதே பக்கத்தில் எழுதினால் அவர்கள் வாயை ஓரளவு அடைக்கலாம் என்று நினைக்கிறேன். வரைவை அடுத்த வாரம் இங்கே போடுகிறேன். நீங்கள்தான் முதலில் எதிர்த்து எழுத வேண்டும்.