புதுப்பிப்பு: ஆவாரம்பூ பூத்துவிட்டது

இரண்டு வருடம் முன்பு, 20 ஆவாரை விதை போட்டும் ஒன்றுகூட முளைக்கவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். விதைத்தோலைக் கீறச் சொன்னவர்களுக்கு நன்றி. அதுதான் விஷயம். தோல் அவ்வளவு கெட்டி, தண்ணீர் உள்ளே இறங்குவதே இல்லை. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஓர் இரவு ஊறவைத்த 15 விதைகளில் 9 முளைத்தன.

தொட்டியில் வைத்தவை தேறவில்லை. வேலியோரம் சரளை மண்ணில் நட்ட நான்கும் இப்போது இடுப்பளவு. முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினேன், அப்புறம் மழைதான். நடுவில் பச்சைப் புழுக்கள் இலையை மொட்டையடித்தன. வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் என்று தெரிந்ததால் மருந்தடிக்கவில்லை. செடி தானாகத் துளிர்த்தது.

இந்தப் பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு எங்கள் வீட்டு ஆவாரையே. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்! மிச்சப் பூவில் பாசிப்பருப்புக் கூட்டு வைத்தோம், லேசான துவர்ப்பு. நிழலில் காயவைத்த இதழைக் கொதிக்கவிட்டும் குடிக்கிறோம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம், மாத்திரையை நிறுத்தவே வேண்டாம்.

காய்கள் முற்றி வருகின்றன. விதை வேண்டுமென்றால் சொல்லுங்கள்.