ஐடிலிங்ல ஆர்பிஎம் ஏறி இறங்குது, லீன் கோடு போகவே மாட்டேங்குது, ஏர் லீக்கா இருக்குமா?

மலைக்கோட்டை_டிரைவர்:
வணக்கம் எல்லாருக்கும். 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் வச்சிருக்கேன், 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. ரெண்டு மாசமா காலைல ஸ்டார்ட் பண்ணா ஆர்பிஎம் 700க்கும் 1300க்கும் நடுவுல ஏறி ஏறி இறங்குது, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சிக்னல்ல நின்னா சில நேரம் ஆஃப் ஆயிடுது, பின்னாடி பஸ் ஹாரன் அடிக்க அடிக்க எனக்கு கையெல்லாம் வேர்த்துடுது. செக் இன்ஜின் லைட் எரியுது, ஸ்கேன் போட்டா பி0171, மிக்சர் லீன், அதாவது காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மின்னு வருது. ஒரு ஒர்க்ஷாப்ல ஆக்சிஜன் சென்சார் போச்சுன்னு மாத்தினாங்க, 4,800 ரூபா, மூணே நாள்ல மறுபடி அதே லைட். அப்புறம் த்ராட்டில் பாடி கிளீனிங். இப்ப ஃப்யூல் பம்ப் மாத்தணும்ங்கறாங்க. ஆனா ஹைவேல 80ல போனா வண்டி சூப்பரா இழுக்குது, அதான் எனக்கு சந்தேகமா இருக்கு. பம்ப்புக்கு காசு போடலாமா?

கோவை_ஸ்பேனர்:
தம்பி, பம்ப்புக்கு இப்போதைக்கு காசு போடாதீங்க. நீங்க கடைசில சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. ஐடிலிங்ல த்ராட்டில், அதாவது காத்து உள்ள போற கதவு, கிட்டத்தட்ட மூடியிருக்கும், இன்ஜின் குடிக்கிற காத்தே ரொம்ப கம்மி, மேனிஃபோல்டுக்குள்ள (த்ராட்டில்ல இருந்து சிலிண்டருக்கு காத்து போற குழாய்) உறிஞ்சல் பலமா இருக்கும், அந்த நேரத்துல எங்கயாவது ஒரு சின்ன ஓட்டை வழியா கணக்குல வராத காத்து உள்ள போனா மொத்தத்துல அது பெரிய பங்கு. ஹைவேல த்ராட்டில் திறந்துட்டா உறிஞ்சலும் குறையும், போற காத்தும் ஜாஸ்தி, அந்த ஓட்டை ஒரு விஷயமே இல்ல. பம்ப் வீக்கா இருந்தா இதுக்கு நேர் எதிரா, மேடு ஏறும்போதும் ஓவர்டேக் பண்ணும்போதும்தான் திணறும்.

வண்டி கம்ப்யூட்டர படிக்கிற ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்கி, இன்ஜின் சூடானதும் லைவ் டேட்டால ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோல எத்தன சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கற கணக்கு) ரெண்டையும் கூட்டிப் பாருங்க. ஐடிலிங்ல பிளஸ் 20க்கு மேல இருந்து, 2500 ஆர்பிஎம்ல பிடிச்சு வச்சா பிளஸ் 5 கிட்ட வந்துட்டா ஏர் இழுக்குதுன்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணிடலாம். ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினா அப்ப பம்ப், ஃபில்டர், உள்ள போற காத்த அளக்கிற ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் போங்க.

எனக்கு ஆத்திரமே வருது, லீன் கோடு வந்த உடனே ஆக்சிஜன் சென்சார மாத்துறாங்க. அந்த சென்சார் உண்மையத்தான் சொல்லிச்சு.

நெல்லை_கேரேஜ்:
அண்ணன் சொன்னது சரி, ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன். இந்த ட்ரிம் கணக்கு ஏர் ஃபில்டர் பாக்ஸுக்கு அடுத்து மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிற வண்டிக்குத்தான் தெளிவா வரும். வெறும் மேப் சென்சார் (மேனிஃபோல்ட் பிரஷர அளக்கிறது) மட்டும் இருக்கிற வண்டில, லீக் காத்து ஏத்துற பிரஷரையும் அது படிச்சு அதுக்கேத்த பெட்ரோல் போட்டுடும், அதனால லீன் கோடு பெரும்பாலும் வராது, ஐடிலிங்தான் ஹையா நிக்கும்.

லீக்க தேடுறதுக்கு நான் பண்றது இதுதான். முதல்ல பானெட்ட திறந்து சும்மா கேளுங்க, உஸ்ஸுன்னு சத்தம் வரும், ஒரு ரப்பர் டியூப்ப காதுல வச்சுக்கிட்டு மறுமுனைய ஹோஸ் ஹோஸா கொண்டு போனா இடம் பிடிபடும். அப்புறம் ஒவ்வொரு வேக்கம் ஹோஸையும் துணி சுத்தின பிளையரால மெதுவா நசுக்குங்க, எத நசுக்கினா ஐடிலிங் சரியாகுதோ அந்த லைன்தான். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு, எங்க பட்டா ஆர்பிஎம் மாறுதுன்னு பாக்கிறவங்க இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி உடனே பாருங்க, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் சூடா இருந்தா தீ பிடிக்கும், ஒருத்தர் கைல தீயணைப்பான் இருக்கட்டும். எனக்கு பாட்டில்ல தண்ணி ஸ்ப்ரே பண்றதே போதும், ஓட்டைய தண்ணி ஒரு நொடி அடைக்கும்போது சத்தம் மாறும். காயில், கனெக்டர் மேல மட்டும் படக்கூடாது.

இதுலயும் கிடைக்கலன்னா ஸ்மோக் டெஸ்ட். இன்டேக்க அடைச்சுட்டு ரொம்ப லேசான பிரஷர்ல புகை விடுவாங்க, எங்க புகை வருதோ அங்க ஓட்டை.

ரோஜா_அக்கா:
பிரேக் பூஸ்டர் ஹோஸ மறந்துடாதீங்க தம்பி, பிரேக் மிதிக்க பலம் குடுக்கிற பூஸ்டரும் மேனிஃபோல்ட் உறிஞ்சல்லதான் வேலை செய்யுது. இன்ஜின் ஆஃப்ல பெடல நாலஞ்சு தடவ மிதிச்சு அப்படியே அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் கொஞ்சம் கீழ இறங்கணும். இறங்காம கல்லு மாதிரி நின்னா வண்டிய ரோட்டுக்கே எடுக்காதீங்க. அப்புறம் எலி. எங்க அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல ரெண்டு வண்டிக்கு வேக்கம் ஹோஸ கடிச்சு வச்சிருந்துச்சு, பானெட்டுக்குள்ள எலிப் புழுக்கை இருக்கான்னு பாருங்க.

மலைக்கோட்டை_டிரைவர்:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, கண்டுபிடிச்சுட்டேன்! ட்ரிம் ஐடிலிங்ல பிளஸ் 23, 2500ல பிளஸ் 4. பூஸ்டர் நல்லா இருக்கு, எலியும் இல்ல. நெல்லை அண்ணா சொன்ன மாதிரி ஒவ்வொண்ணா நசுக்கிட்டே வந்தேன், பிசிவி வால்வுல (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய வெளிய எடுக்கிற வால்வு) இருந்து மேனிஃபோல்டுக்குப் போற எல் வடிவ ஹோஸ நசுக்கினதும் ஆட்டம் அப்படியே நின்னுடுச்சு. மேல இருந்து பாத்தா புதுசு மாதிரி இருந்துச்சு, அடிப்பக்கம் விரல விட்டா பிசுபிசுன்னு ஆயில். கழட்டி வளைச்சுப் பாத்தேன், வளைவுக்குள்ள ஒரு இன்ச் நீளத்துக்கு வாய் மாதிரி பொளந்துக்குது, நேரா விட்டா மூடிக்குது. டேப் சுத்திடலாமா, இல்ல சாதா தண்ணி ஹோஸ் வெட்டிப் போடலாமா?

கோவை_ஸ்பேனர்:
ரெண்டும் வேணாம் தம்பி. அந்த லைன்ல ஆயில் ஆவி போகும், சாதா ஹோஸ் கொஞ்ச நாள்ல ஊறி கூழாயிடும், உறிஞ்சல்ல சப்பையாவும் ஒட்டிக்கும். வண்டிக்கான ஒரிஜினல் ஹோஸே வாங்குங்க, கையோட பிசிவி வால்வையும் கழட்டி குலுக்கிப் பாருங்க, பெரும்பாலான வால்வு டக்டக்னு ஆடும், சத்தமே இல்லன்னா மாத்திடுங்க. கிளாம்ப்பும் புதுசு போடுங்க. முடிச்சுட்டு கோட அழிச்சு, நாலஞ்சு நாள் ஓட்டிட்டு ட்ரிம் என்னன்னு இங்க போடுங்க.

மலைக்கோட்டை_டிரைவர்:
ஹோஸும் வால்வும் சேத்து 900 ரூபாக்குள்ள முடிஞ்சுது அண்ணா. இன்னையோட ஆறு நாள் ஆச்சு, ஐடிலிங் 750ல அசையாம நிக்குது, ட்ரிம் பிளஸ் 2, லைட் வரல. இன்னைக்கு காலைல அதே சிக்னல்ல ஏசி போட்டுக்கிட்டு நின்னேன், ஆஃப் ஆகல.