கிட்னி கல் ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவுக்கு யூரின்ல ரத்தமா போகுது, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயசு 61, இடது கிட்னில 2.4 செ.மீ கல்லு, முதுகுல சின்ன துளை போட்டு எடுக்குற பிசிஎன்எல் பண்ணாங்க. மூணாம் நாள் டியூப எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, யூரினும் தெளிவாதான் போச்சு. பத்தாவது நாள் விடிகாலைல பாத்ரூம்ல இருந்து கூப்பிட்டாரு, போய் பாத்தா தரையெல்லாம் ரத்தம், புளியங்கொட்டை சைஸுக்கு கட்டி கட்டியா கிடக்கு, எனக்கு கையே ஓடல. உடனே அட்மிட் பண்ணிட்டோம், ஹீமோகுளோபின் 13ல இருந்து 8க்கு வந்துருச்சு, ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தியாச்சு.

சிடி ஆஞ்சியோல சூடோஅன்யூரிசம்னு வந்திருக்கு, அதாவது கிட்னிக்குள்ள ரத்தக்குழாய் ஒண்ணு காயமாகி பலூன் மாதிரி உப்பி கசியுதாம், தொடை வழியா வயர் விட்டு காயில்ங்குற சின்ன கம்பிச்சுருள் வச்சு அடைக்கணும், எம்போலைசேஷன்னு சொல்றாங்க. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் கூடுதலா 1.7 இருக்கு, ரத்தக்குழாய் ஸ்கேன்ல தெரியறதுக்கு போடுற டை ஏத்துனா கிட்னி தாங்குமான்னுதான் பயமா இருக்கு.

வீட்ல யாருக்காவது இது பண்ணிருக்கீங்களா? திரும்ப ரத்தம் வந்துச்சா? ஹார்ட்டுக்கு போட்டுட்டு இருந்த ஆஸ்பிரின நிறுத்தி வச்சிருக்கோம், உங்களுக்கு எப்ப திரும்ப ஆரம்பிக்க சொன்னாங்க? நாளைக்கு காலைல கையெழுத்து போடணும், தெரிஞ்சவங்க ப்ளீஸ் சொல்லுங்க.