பைதானில் எழுதிய ப்ராக்ஸி: எச்டிடிபிஎஸ் தளங்கள் மட்டும் திறக்க மறுப்பது ஏன்?

கேள்வி:
கற்றுக்கொள்வதற்காகப் பைதானின் சாக்கெட் (நெட்வொர்க் தொடர்பின் ஒரு முனை) மாட்யூலை மட்டும் வைத்து ஏறத்தாழ 60 வரிகளில் ஒரு ப்ராக்ஸி (பிரௌசருக்கும் தளத்துக்கும் நடுவே நின்று கோரிக்கைகளைக் கடத்தும் நிரல்) எழுதியிருக்கிறேன். அது 8080 போர்ட்டில் காத்திருந்து, பிரௌசர் அனுப்புவதை ஒரே ரெசீவ் அழைப்பில் 4096 பைட் வரை வாசித்து, முதல் வரியிலிருந்து தளத்தின் பெயரைப் பிரித்தெடுத்து, வாசித்ததை அப்படியே அந்தச் சர்வருக்கு அனுப்பி, ரெசீவ் வெறுமையாகத் திரும்பும்வரை பதிலை வாங்கிக் கொடுக்கிறது. சாதாரண எச்டிடிபி பக்கங்கள் திறக்கின்றன; ஆனால் பக்கம் முழுவதும் வந்த பிறகும் பிரௌசர் வெகுநேரம் சுழன்றுகொண்டே இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவைத் திறக்க முயன்றாலோ, முதல் வரி "கனெக்ட்" என்று தொடங்கி 443 என்ற எண்ணோடு வருகிறது. சர்வர் 400 (தவறான கோரிக்கை) என்று பிழை சொல்கிறது. தவறு எங்கே?

முதல் பதில்:
கனெக்ட் என்பது சர்வருக்கு எழுதப்பட்ட வரியே அன்று. அது உங்கள் ப்ராக்ஸிக்கு வந்த கட்டளை. "இந்த முகவரிக்கு ஒரு டிசிபி (பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) தொடர்பை ஏற்படுத்திக் கொடு, அதன்பின் குறுக்கே வராதே" என்பதே அதன் பொருள். 443 போர்ட்டில் இருக்கும் சர்வர் டிஎல்எஸ் கைகுலுக்கலை (மறையாக்கத் தொடர்பைத் தொடங்கும் பரிமாற்றத்தை) எதிர்பார்க்கிறது. அதன் முதல் பைட் 22 ஆக இருக்கும். நீங்கள் அனுப்பியதோ ஆங்கில "சி" எழுத்துக்குரிய 67. அது 400 என்று சொன்னதே பெருந்தன்மை, பேசாமல் தொடர்பைத் துண்டித்திருக்கவும் கூடும்.

ஆகவே கனெக்ட் வந்தால், முதலில் அந்தத் தளத்தோடு தொடர்பு கொள்ளுங்கள். அது அமைந்தால் பிரௌசருக்கு 200 (வெற்றி) என்ற நிலைவரியையும் அதைத் தொடர்ந்து ஒரு வெற்று வரியையும் நீங்களே அனுப்புங்கள். அந்த வெற்று வரியை விட்டுவிட்டால், ஹெடர் (உள்ளடக்கத்துக்கு முன் வரும் விவர வரிகள்) இன்னும் முடியவில்லை என்று பிரௌசர் காத்துக்கொண்டே இருக்கும். நான் ஒரு மாலைப் பொழுதை இழந்தது அந்த வெற்று வரிக்குரிய இரண்டு எழுத்துகளால்தான். அதன்பிறகு வரும் பைட்டுகளைப் பிரிக்காமல், படிக்காமல், இரு திசையிலும் ஒரே நேரத்தில் கடத்த வேண்டும். ஒரே லூப்பில் ஒரு பக்கம் காத்திருந்தால் மறுபக்கம் வந்தது தேங்கிவிடும். திசைக்கு ஒரு த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதி) வைப்பது எளிது, எந்தச் சாக்கெட்டில் தரவு வந்திருக்கிறது என்று பார்க்கும் செலக்ட் முறையும் போதும்.

இரண்டாம் பதில்:
சுழல்வதற்குக் காரணம் வேறு. எச்டிடிபி 1.1 பதிப்பில் தொடர்பைத் திறந்தே வைத்திருப்பதுதான் இயல்பு. பதிலை முழுவதும் அனுப்பிய சர்வர் அடுத்த கோரிக்கைக்காகக் காத்திருக்கிறது. நீங்களோ அது தொடர்பை மூடட்டும் என்று காத்திருக்கிறீர்கள். தற்காலிகத் தீர்வாக, அனுப்பும் முன் கனெக்‌ஷன் ஹெடரை "குளோஸ்" என்று மாற்றிவிடுங்கள். ஒரே ரெசீவில் ஹெடர் முழுவதும் வந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். டிசிபி பைட்டுகளின் ஓட்டம் மட்டுமே, வரி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. வெற்று வரி வரும்வரை சேர்த்துக்கொண்டே போங்கள், அதற்கப்பால் ஏதேனும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அது போஸ்ட் (தரவை அனுப்பும்) கோரிக்கையின் உடலாக இருக்கக்கூடும் என்பதால் எறிந்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
விக்கிப்பீடியா திறந்துவிட்டது, இருவருக்கும் நன்றி. ஒரு பக்கம் வெறுமை வந்தவுடன் இரண்டு சாக்கெட்டையும் மூடுகிறேன். சில பதிவிறக்கங்கள் பாதியில் நிற்கின்றன.

முதல் பதிலளித்தவர்:
வெறுமை என்றால் அந்தப் பக்கம் பேசி முடித்துவிட்டது என்று மட்டுமே பொருள், கேட்பதை நிறுத்திவிட்டது என்றன்று. மறுபக்கச் சாக்கெட்டின் எழுதும் திசையை மட்டும் ஷட்டவுன் செய்து, இரு திசையும் முடிந்த பிறகு மூடுங்கள். செண்ட் பாதியை மட்டும் அனுப்பிவிட்டுத் திரும்பக்கூடும் என்பதால் முழுவதையும் அனுப்பும் செண்டால் அழைப்பைப் பயன்படுத்துவது நல்லது. இன்னொன்று, 0.0.0.0 (கணினியின் எல்லா முகவரிகளும்) என்று பைண்ட் செய்திருந்தால் உடனே 127.0.0.1 (இதே கணினி மட்டும்) ஆக மாற்றுங்கள். இல்லையென்றால் உங்கள் போர்ட்டை எட்டக்கூடிய எவரும் உங்கள் முகவரியிலிருந்து உலவலாம்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், பதிவிறக்கமும் முழுமையாக வருகிறது. ஒரே கட்டுரையைத் திறந்தபோது விக்கிப்பீடியாவுக்கு ஒன்றும், படங்களுக்காக விக்கிமீடியாவின் வேறொரு முகவரிக்கு ஒன்றுமாகத் தனித்தனிக் கனெக்ட் வரிகள் திரையில் ஓடின. பக்கத்துக்குள் என்ன இருந்தது என்பது மட்டும் என் ப்ராக்ஸிக்குத் தெரியவில்லை.