இரண்டு சம்பளம் வருகிறது, கடன் மட்டும் குறையவில்லை

கேள்வி:
நானும் கணவரும் நல்ல சம்பளம் வாங்குகிறோம். ஆனால் 20ஆம் தேதிக்குள் கணக்கு காலி, அப்புறம் கிரெடிட் கார்டுதான். மூன்று கார்டு, கார் கடன், போதாததற்கு ஒரு தனிநபர் கடன். நேற்று இரவு பாக்கியைக் கூட்டிப் பார்த்துவிட்டு இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் படுத்துவிட்டோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
முதலில் கார்டு. மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாக்கி 100 என்றால் நீங்கள் கட்டும் 5இல் 3 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது வெறும் 2தான். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் மூன்றையும் எடுத்து உள்ளே வையுங்கள். எல்லாக் கடனுக்கும் கட்டவேண்டியதைக் கட்டிவிட்டு, மிச்சத்தை வட்டி அதிகமான கார்டில் போடுங்கள்.

பதில் 2:
கணக்கு சரிதான், ஆனால் எங்கள் வீட்டில் ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. அவர் வாங்குவது எனக்குத் தெரியாது, நான் வாங்குவது அவருக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மாதக் கணக்கை அச்செடுத்து, ஆளுக்கொரு பேனாவோடு உட்கார்ந்து கோடு போட்டோம். யாருமே பார்க்காத சந்தா மட்டும் நான்கு இருந்தது. யார் செலவு என்று தயவுசெய்து சண்டை போடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. செயலிகளில் சேமித்திருந்த கார்டு எண்ணை எல்லாம் இப்போதே நீக்கிவிட்டேன். ஞாயிறு அவரோடு உட்காருகிறேன்.