தைலமரம் வெட்டிய இடத்தில் நாட்டு மரம் வைக்க யோசனை வேண்டும்

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி பக்கம் எங்கள் ஊர். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னை, பலா என்று பார்க்காமல் சாய்த்துவிட்டுப் போன பகுதிதான். ஊர்க்கூட்டத்தில் பேசி, பஞ்சாயத்துத் தீர்மானமும் போட்டு, தைலமரம் வெட்டி முடித்த நாலு ஏக்கர் பொது நிலத்தில் பழையபடி காடு கொண்டுவரலாம் என்று இறங்கியிருக்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், வெட்டிய தூரிலிருந்து ஒரு மழைக்கே கொத்துக்கொத்தாகத் துளிர்த்துவிடுகிறது. ஜேசிபி வைத்துப் பிடுங்க வாடகை கட்டாது, மேல்மண்ணும் புரண்டு போகும். துளிரை ஒடித்து ஒடித்தே தூரைச் சாகடித்தவர்கள் இருந்தால், எத்தனை நாளுக்கு ஒருமுறை ஒடிப்பது, எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்லுங்கள்.

அப்புறம் கன்று. புங்கனும் வேம்பும் நர்சரியில் கேட்காமலே எடுத்துத் தருகிறார்கள். எங்களுக்கு வேண்டியது வீரை, உலக்கைப்பாலை, காசான், உசிலை மாதிரி இந்த மண்ணில் தானாக வளர்ந்தவை. ஐயனார் கோயில் காட்டில் இன்னும் நிற்கின்றன, பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு கீழே விழுந்த பழங்களைப் பொறுக்கி வைத்திருக்கிறோம்; உலக்கைப்பாலை விதைக்கு என்ன நேர்த்தி செய்தால் முளைக்கும்? மெதுவாக வளரும் மரம், அதனால் ஓரடிக் கன்று கிடைத்தாலும் சரி, விலைக்கே வாங்கிக்கொள்கிறோம்.

ஆடுதான் பெரிய தலைவலி. கம்பி வேலிக்குக் காசில்லை, உயிர்வேலியாகக் கிளுவை மரம் ஊன்றலாம் என்று முடிவு. போத்து (ஊன்ற வெட்டிய கிளை) வண்டிக்கணக்கில் தரக்கூடியவர்கள் அறந்தாங்கி, கீரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் இருந்தால் உள்பெட்டியில் வாருங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் ஊன்றியாக வேண்டும்.