தீட்டிய உடனே தாளை அறுக்குது, நாலு பெட்டி பிரிச்சதும் மழுங்குது: மடக்குக் கத்தியில் என்ன கோளாறு?

நீலப்பிடி:
வணக்கம். தினமும் பையில் வைத்திருக்கும் மடக்குக் கத்தி. அலகு 75 மி.மீ நீளம், முதுகிலிருந்து வாய் வரை 24 மி.மீ அகலம். எஃகு 8சிஆர்13எம்ஓவி. அட்டைப்பெட்டி, சணல் கயிறு, பிளாஸ்டிக் பட்டை, இவ்வளவுதான் வேலை. ஒரு பக்கம் 400, மறு பக்கம் 1000 கிரிட் (எண் கூடக் கூடக் கல் நைசு) உள்ள தண்ணீர்க் கல்லில், பக்கத்துக்கு 20 டிகிரி என்ற கணக்கில் தீட்டுகிறேன். முடித்ததும் தாளைச் சர்ரென்று அறுக்கிறது. நாலைந்து பெட்டி பிரித்தால் பழையபடி வழுக்குகிறது. நுனிப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் எப்போதுமே மொக்கை. இப்போது திறக்கும்போது கரகரவென்று சத்தம் வேறு. எஃகு மட்டமா, என் கை சரியில்லையா? இழுத்துத் தீட்டும் கருவி ஒன்று வாங்கிவிடலாமா என்றும் யோசனை.

சாணைக்கல்:
எஃகு மேல பழி போடாதீங்க. நீங்க சொல்ற அறிகுறி பிசிறு ஒழுங்கா எடுபடலைன்னு சொல்லுது.

ஒரு பக்கம் தேய்க்கும்போது, வாயில இருக்கிற மெல்லிய உலோகம் கல்லுக்கு எதிர்ப்பக்கமா வளைஞ்சு நிக்கும். அதுதான் பிசிறு. அது நேரா நிமிர்ந்து நின்னா தாளை அழகா அறுக்கும், நீங்களும் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுக்குவீங்க. அட்டையில ரெண்டு இழுப்பு இழுத்ததும் மடிஞ்சோ பிய்ஞ்சோ போயிடும். அதுக்கடியில இருக்கிறது மழுங்கின வாய்தான். 8சிஆர்13எம்ஓவி கடினத்தன்மை ராக்வெல் அளவுல (எச்.ஆர்.சி) 57–59 வாக்கில வரும். இந்த மாதிரி துருப்பிடிக்காத எஃகுல பிசிறு சுலபமா உடையாது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு புரண்டுக்கிட்டே இருக்கும்.

செய்ய வேண்டியது இது. 400 பக்கத்தில ஒரே பக்கமா தேயுங்க, அடிப்பகுதியிலிருந்து நுனி வரை முழு நீளத்துக்கும் எதிர்ப்பக்கம் பிசிறு தட்டுப்படுற வரைக்கும். கட்டைவிரலை முதுகுப் பக்கமிருந்து வாயைத் தாண்டி வெளியே வழிச்சுப் பாருங்க, நகம் மாட்டுற மாதிரி சொரசொரப்பு தெரியும். வாயோட நீளவாக்கில விரலை ஓட்டிடாதீங்க! எங்கேயாவது பிசிறு இல்லைன்னா அந்த இடத்துல கல் இன்னும் விளிம்பைத் தொடலைன்னு அர்த்தம். அதுக்கப்புறம்தான் மறுபக்கம். ரெண்டு பக்கமும் வந்தாத்தான் 1000க்குப் போகணும். எத்தனை தடவை தேய்க்கணும்னு எண்ணிக்கை வெச்சுக்கிறது வீண். பிசிறு வந்துச்சா இல்லையாங்கிறதுதான் கணக்கு.

1000ல முக்கியமே அழுத்தம்தான். முதல்ல 400ல கொடுத்ததுல பாதி. பிறகு பக்கத்துக்கு ஒண்ணா மாத்தி மாத்தி, வாய் முன்னால போற மாதிரி, ஒவ்வொரு சுற்றுக்கும் அழுத்தத்தைக் குறைச்சுக்கிட்டே வாங்க. கடைசி ஆறேழு இழுப்புக்குக் கத்தியோட சொந்த எடை போதும். இன்னும் பிசிறு புரண்டுக்கிட்டிருந்தா, கோணத்தை மூணு நாலு டிகிரி தூக்கி, பக்கத்துக்கு ரெண்டே ரெண்டு இழுப்பு, பூ மாதிரி. பிசிறு அடியோட அறுந்துடும்.

சரியா வந்துச்சான்னு பார்க்க, விளக்குக்குக் கீழே வாயை மேல்நோக்கிப் பிடிச்சு மெல்லச் சாய்ங்க. கூரான வாய்ல வெளிச்சம் தங்காது. எங்கேயாவது வெள்ளிக்கோடு மின்னினா அங்கே மழுக்கலோ பிசிறோ இருக்கு.

மெல்லியவாய்:
பிசிறு பற்றிச் சொன்னது சரி. நுனி மொக்கையாக இருப்பதற்குக் காரணம் வேறு.

அலகு நுனியை நோக்கி வளைகிறது. பிடியை ஒரே உயரத்தில் வைத்து நேராக இழுத்தால், வளைவுப் பகுதியில் கோணம் குறைந்து, கல் விளிம்பைத் தொடாமல் அதற்கு மேலேயே தேய்க்கும். வளைவு தொடங்கும் இடத்திலிருந்து பிடியை மெதுவாக உயர்த்திக்கொண்டே போக வேண்டும். இழுப்பின் முடிவில் நுனி கல்லைவிட்டு வழுக்கி விழக் கூடாது, கல்லின் மேலேயே நிற்க வேண்டும். விழுந்தால் நுனி உருண்டுவிடும்.

நம்பிக்கை இல்லையென்றால் வாயோரம் இரு பக்கமும் மார்க்கர் பேனாவால் மையிட்டு, இரண்டு மூன்று இழுப்பு இழுத்துப் பாருங்கள். மேலோரத்தில் மட்டும் மை போயிருந்தால் கோணம் குறைவு. விளிம்பில் மட்டும் போயிருந்தால் கோணம் அதிகம். நுனியில் மை அப்படியே இருந்தால் மேலே சொன்ன பிரச்சினைதான்.

24 மி.மீ அகலத்துக்கு 20 டிகிரி என்றால், முதுகின் நடுப்பகுதி கல்லிலிருந்து சுமார் 8 மி.மீ உயரத்தில் இருக்க வேண்டும். 15 டிகிரிக்கு 6 மி.மீ போதும். இந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டைச் சீவி முதல் இழுப்புக்கு அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பழகிய பிறகு தேவைப்படாது. உங்கள் வேலைக்கு 20 டிகிரியிலேயே இருங்கள். அட்டையில் உராய்வு அதிகம், பெட்டியின் கம்பிப் பின்னில் ஒரு தடவை பட்டால் மெல்லிய வாய் மடிந்துவிடும்.

இழுத்துத் தீட்டும் கருவி வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கார்பைடு துண்டுகள் எஃகைச் சுரண்டும், தேய்க்காது. வாய் கிழிந்தாற்போல ஆகி, நீங்கள் இப்போது குறை சொல்லும் அதே பிசிறுதான் இன்னும் பெரிதாக வரும். அடிப்பகுதியில் பள்ளமும் விழும்.

நீலப்பிடி:
நன்றி. மார்க்கர் வைத்துப் பார்த்தேன், நுனியில் மை அப்படியே இருக்கிறது. இன்னொரு சந்தேகம்: 1000க்கு மேல் 6000 கல் வாங்கினால் கூர் அதிக நாள் நிற்குமா? கரகர சத்தத்துக்கு என்ன செய்வது?

உலோகப்பித்தன்:
6000 வாங்காதீங்க, உங்க வேலைக்கு அது உதவாது. கயிறும் பிளாஸ்டிக் பட்டையும் அறுக்க வாய்ல கொஞ்சம் பல் வேணும். 600–1000ல முடிச்ச வாய் சணலைக் கவ்விப் பிடிக்கும். கண்ணாடி மாதிரி மெருகேத்தினது அதுமேல வழுக்கும். மெருகு வேணும்கிறது மரம் செதுக்கிறவங்களுக்கும் சவரக்கத்திக்கும். அந்தக் காசை, 400 கல் குழிவிழாம பார்த்துக்கிறதுல போடுங்க. நடுவுல குழிஞ்ச கல்லுல 20 டிகிரியைக் கடவுளே வந்தாலும் பிடிக்க முடியாது. பென்சிலால கட்டம் போட்டு, கண்ணாடி மேல ஒட்டின 220 தண்ணீர் உப்புத்தாள்ல தேய்ச்சா, கோடு அழியாத இடம் பள்ளம். எல்லாக் கோடும் அழியற வரை தேயுங்க.

தோல் வார்ல இழுக்கிறதுக்கு இடம் உண்டு, ஆனா அது தீட்டலுக்குப் பதில் கிடையாது. பச்சைக் குரோமியம் ஆக்சைடு பசை தடவின தோலில, முதுகு முன்னால போற மாதிரி, பக்கத்துக்கு பத்து இழுப்பு, லேசா. அழுத்தினா தோல் குழிஞ்சு வாயைச் சுத்திக்கும், கூர் உருண்டுடும். வாய் லேசா தடுமாறினப்போ இது போதும். தாளை அறுக்காம கிழிக்க ஆரம்பிச்சா 1000 கல்லுல ஒரு நிமிஷம். வாய் நெளிஞ்சாலோ பல்லு விழுந்தாலோ மட்டும் 400 கல்லைத் தொடுங்க. இப்படிப் பார்த்துக்கிட்டா அலகும் தேயாது.

எப்பவாவது எஸ்30வி மாதிரி 4 சதவீத வனேடியம் உள்ள எஃகுக்கு மாறினா, இந்தக் கல் திணறும். அந்த எஃகுல இருக்கிற வனேடியம் கார்பைடு, இந்த மாதிரிக் கல்லுல இருக்கிற அலுமினிய ஆக்சைடைவிடக் கடினம். அப்போ வைரத் தகடு எடுங்க, அழுத்தாம. அழுத்தினா வைரத்துகள் தகட்டிலிருந்து பிய்ஞ்சு வரும்.

சாணைக்கல்:
கரகர சத்தத்துக்குப் பதில் சொல்லிடுறேன். தீட்டும்போது கல்லுல ஊர்ற சேறு கீல் பக்கம் ஓடி உள்ளே போயிருக்கும். அடுத்த தடவை கீலைச் சுத்தி டேப் ஒட்டிட்டு ஆரம்பிங்க.

இப்போ என்ன பண்றதுன்னா, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில கத்தியைத் திறந்து மூடி, பழைய பல் பிரஷ்ஷால கீலுக்குள்ள தேச்சு, ஓடுற தண்ணியில அலசுங்க. மரப்பிடின்னா ஊற வைக்காதீங்க, பிடி உப்பிடும். நல்லா உலரவிட்டு, கீல்ல ஒரே ஒரு சொட்டு மினரல் ஆயில். சமையல் எண்ணெய் ஊத்தினா கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு கெட்டிப்பட்டு, பையில இருக்கிற பஞ்சையெல்லாம் இழுத்து வெச்சுக்கும். தகட்டுப் பூட்டு உள்ள கத்தின்னா, தகடு அலகைத் தாங்குற முகத்துல எண்ணெய் படக் கூடாது. பட்டா துடைச்சிடுங்க, பூட்டு வழுக்கும்.

இதுக்கும் அடங்கலைன்னாத்தான் பிரிக்கணும். திருகு பெரும்பாலும் டி6 இல்ல டி8 (நட்சத்திரத் தலை டார்க்ஸ் அளவு). அளவு சரியில்லாத பிட் போட்டா தலை மழுங்கிடும். இறுகிக்கிட்டு வரலைன்னா திருகுப் பசை போட்டிருப்பாங்க, சால்டரிங் கோலை திருகுத் தலையில கொஞ்ச நேரம் வெச்சா இளகும். திரும்பப் பூட்டும்போது முழுசா முறுக்கி, பிறகு அலகு பக்கவாட்டுல ஆடாத அளவுக்கு மட்டும் ஒரு எட்டுல ஒரு பங்கு சுத்து தளர்த்துங்க. சேறு பட்ட வாஷரை ரெண்டு பக்கமும் துடைச்சுத்தான் போடணும், இல்லைன்னா அதே சத்தம் திரும்ப வரும்.